நம்பர் போடாத முகவரி

1998 பெப்ரவரி 17

என்னோடு விண்ணப்பித்த சாந்தினிக்குக் கடிதம் வந்துவிட்டது. டவுனில் அவள் அப்பாவின் கடை வாசலில் நின்று பிரித்துக் காட்டினாள். கல்வியியற் கல்லூரி நேர்முகப் பரீட்சை. மார்ச் 16, காலை ஒன்பது மணி, கண்டி. பதிவுத் தபால். கடிதம் இல்லாமல் வருபவர்கள் அனுமதிக்கப்பட மாட்டார்கள் என்று கீழே தடித்த எழுத்தில் இருந்தது.

"ஒனக்கு என்னைவிட மார்க்ஸ் கூட. வராம போகுமா? வீட்ல போய்ப் பாரு" என்றாள்.

அவள் வீட்டுக்குத் தபால்காரன் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வருகிறான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக இருபத்துநான்கு காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை, ஒன்றுக்கும் இலக்கம் இல்லை. எல்லோருக்கும் ஒரே முகவரி, தோட்டத்தின் பெயர். எங்கள் கடிதங்களைத் தபால் கந்தோரில் ஒரு பையில் போட்டுக் கொடுக்க, தோட்டத்து ஆளான தப்பால்காரர் அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நாலு மைல் ஏறி, தோட்டத்து ஆபீசில் கொடுப்பார். மறுநாள் விடியற்காலை பிரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கணக்கப்பிள்ளை நம்பரைக் கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டுவார். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் இருக்கும் பேர் நம்பர். அதனால் தோட்டத்தில் யார் முகவரி எழுதினாலும் பெயருக்குக் கீழே வேலை செய்கிற அப்பாவின் நம்பரையோ அம்மாவின் நம்பரையோ சேர்த்து எழுதுவார்கள். எங்கள் அப்பா 388.

என் விண்ணப்பத்தில் நான் அதை எழுதவில்லை. "நம்பரப் போட்டுரு புள்ள" என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். நான் என்ன கொழுந்துக் கூடையா, நம்பர் குத்துவதற்கு என்று கேட்டேன். எஸ். யோகமலர். கீழே தோட்டத்தின் பெயர். அவ்வளவுதான். அதை எழுதியபோது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மே மாதம் எனக்கு இருபத்தைந்து. அதோடு வயதெல்லை முடிகிறது. இந்தத் தடவை போகாவிட்டால் அம்மாவின் கூடை எனக்கு. அம்மாவுக்கு ஏற்கெனவே கை தூக்க முடியவில்லை.

பெப்ரவரி 18

அம்மாவோடு பிரட்டுக்களத்தில் போய் நின்றேன். ஏழு கடிதம். 388 இல்லை.

பீலியில் தண்ணீர் நூலாக வடிகிறது. மூன்று குடம் நிரப்ப ஒரு மணி நேரம்.

பெப்ரவரி 20

ஆபீசுக்குப் போனேன். எங்கள் ஆட்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார்கள். சின்னக் கிளாக்கர் அருள்நேசன் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்வார். டவுன்காரர், வந்து ஒரு வருடம்தான். வாசித்து முடித்த பேப்பர்களை எனக்காக எடுத்துவைப்பார். என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். இன்னும் ஆகவில்லையே என்றால், "ஆகத்தானே போறீங்க" என்பார்.

"எனக்கு ஒரு ரெஜிஸ்டர் கடிதம் வரணும் சேர்."

"உங்க அப்பா 388 தானே?" கொப்பியைப் புரட்டினார். "388க்கு ஜனவரியிலருந்து ஒண்ணும் வரல்ல டீச்சர். வந்தா மொதல்ல உங்களுக்குத் தர மாட்டேனா? தப்பால்காரன்ட்டக் கேட்டுப் பாருங்க. அந்தாள் வழியில கசிப்புக் குடிக்கிற இடமெல்லாம் பைய வச்சிட்டுத்தானே இருக்கிறது."

வெளியே தப்பால்காரர் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோட்டம் கொடுத்த காக்கிக் கோட்டு, பித்தளைப் பொத்தான். வாய் நாறியது. "என்னா புள்ள, மாப்புள கடுதாசியா?" என்று சிரித்தார். நான் அவரைச் சுற்றி இறங்கி வந்துவிட்டேன்.

பெப்ரவரி 23

டவுனில் கொமினிகேஷன் கடையில் கல்லூரிக்குப் போன் எடுத்தேன். கடிதம் ஜனவரி 30ஆம் தேதி பதிவுத் தபாலில் போயிருக்கிறது. பிரதி தர முடியாது. கடிதம் கிடைக்காதது தபால் பிரச்சினை, கல்லூரிப் பிரச்சினை இல்லை. போனை வைத்துவிட்டார்கள்.

தபால் கந்தோருக்குப் போனேன். போஸ்ட்மாஸ்டர் சிங்களவர், நல்ல மனிதர். புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பெப்ரவரி 6. எஸ். யோகமலர். பக்கத்தில் ஒரு ஊதாக் கைநாட்டு.

"இது ஒங்க தோட்டத்து ஆள்ட கை. அவர் பாரம் எடுத்தது. நாங்க பைக்குள்ள போட்டு, பூட்டுப் போட்டுத்தான் குடுக்கிறது. சாவி ஒண்ணு இங்க, மத்தது ஒங்க ஆபீஸ்ல."

அவர் பூட்டைப் பற்றி இன்னும் என்னவோ சொன்னார். நான் கைநாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயரைச் சட்டப்படி தொட்ட கடைசி விரல் அது. பதினேழு நாளாக என் கடிதம் அந்த ஆளின் கையில்.

எதற்காக எடுத்தான்? பதிவுக் கடிதத்துக்குள் காசு இருக்கும் என்று நினைத்திருப்பான். பிரித்துப் பார்த்துவிட்டு ஓடையில் போட்டிருப்பான். நம் ஆட்கள் உருப்படாததற்கு இந்த மாதிரி ஆட்கள்தான் காரணம். துரைமார் காரணம் என்று கூட்டத்தில் கத்துகிறோம்.

பெப்ரவரி 24

அப்பா பேரில் மனு எழுதினேன், செக்ரோலில் இல்லாதவர் மனுவை ஆபீசில் எடுக்க மாட்டார்கள். தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஒன்று, தொழிற்சங்கத் தலைவருக்கு ஒன்று. ஒரு பிரதியை இந்தக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

"...பேர் நம்பர் 212 தப்பால்காரன், மேற்படி பதிவுத் தபாலைத் தனது கைநாட்டுடன் பொறுப்பேற்று, உரியவரிடம் சேர்க்காது களவாடியுள்ளமை இத்தால் தெளிவாகின்றது. ஒரு பெண்ணின் எதிர்காலத்தை அழித்த இந்நபர் மீது உடன் நடவடிக்கை..."

தலைவர் இரண்டு முறை வாசித்தார். "கோர்ட்ல வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றார். சின்னக் கிளாக்கர் கையெழுத்தைப் பாராட்டினார்.

அப்பா மட்டும் கேட்டார்: "ஆபீசுலயும் விசாரிக்கணும்னு எழுதலியா?"

"அவர் படிச்சவர் அப்பா. அவர் ஏன் எடுக்கப்போறார்?"

அப்பா சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணைக்குப் போய்விட்டார்.

பெப்ரவரி 26

இன்று பிரட்டுக்களத்துக்குத் துரையே வந்தார். எல்லோர் முன்னாலும் தப்பால்காரரைக் கூப்பிட்டார். தலைவர் என் மனுவை உரக்க வாசித்தார். பனி இன்னும் விலகவில்லை. என் வசனங்கள் பெரிய சத்தமாகக் கேட்டன.

"எடுத்தியா இல்லையா?"

"தொரகளே, நான் பையத் தூக்குனேன். உள்ள என்னா இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வாசிக்கவும் தெரியாது. எதைன்னு பாத்துக் களவெடுக்க?"

சிலர் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். துரை சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத் தப்பால் வேலை இன்றோடு முடிந்தது. நாளையிலிருந்து முள்ளுக் குத்த, மண்ணைக் கிளற, மலைக்குப் போக வேண்டும். பையை வாங்கினார்கள். பிறகு கோட்டையும் கழற்றச் சொன்னார்கள், அது தோட்டத்துச் சாமான். உள்ளே சட்டை இல்லை. கிழிந்த பெனியன். குளிரில் இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நீதி கிடைத்தது. கடிதம் கிடைக்கவில்லை. அவர் எங்கே போட்டார் என்பதைக் கடைசிவரை சொல்லவே இல்லை.

பெப்ரவரி 27

இன்றைக்கும் 388 இல்லை.

மார்ச் 3

பீலியில் தப்பால்காரர் பெண்சாதி நின்றாள். என்னைக் கண்டதும் தன் குடத்தை இழுத்துக்கொண்டாள்.

"படிச்ச புள்ள வந்திருக்கு, வழிய விடுங்கடி. குடத்துல தண்ணி கொறஞ்சா மனுப் போட்டுரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "முட்டி பந்து மாதிரி வீங்கிக் கெடக்கு மனுசனுக்கு. முள்ளக் குத்திட்டு அத இழுக்க முடியாமப் படுத்துக்குறாரு. அரப் பேருதான் போடுறாங்க, அரநாள் சம்பளம்."

குடம் நிரம்புவதற்கு முன்னாலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் வேலை இருந்தது.

மார்ச் 10

தப்பால்காரர் மகன் மதியழகனைக் கொழும்பில் பொலிஸ் பிடித்துவிட்டதாம். நேற்று ஒரு சாப்பாட்டுக் கடையைச் சுற்றிவளைத்திருக்கிறார்கள். அங்கே கோப்பை கழுவுகிறவன். யுத்த நேரம், தமிழ்ப் பையன், கையில் அடையாள அட்டை இல்லை. கடை முதலாளி ஆபீசுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். 18ஆம் தேதி காலை பத்து மணிக்குக் கோர்ட். அதற்குள் அட்டையைக் காட்டாவிட்டால் தெற்கே எங்கேயோ தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்களாம். போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மதி எட்டாம் வகுப்பு வரை என்னோடு படித்தவன். கணக்கு வராது. விசிலடிப்பான்.

அட்டைக்கு எழுதிப்போட்டு ஒன்றரை வருடமாம், இன்னும் வரவில்லையாம். தோட்டத்தில் பாதிப் பேருக்கு அட்டை இல்லை. இதற்கும் என் மனுவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மார்ச் 13

அம்மாவின் சேலையைத் துவைத்துக் கஞ்சி போட்டேன். கடிதம் இல்லாவிட்டாலும் 16ஆம் தேதி போய் நிற்கப்போகிறேன்.

மார்ச் 16

கல்லூரி வாசலில் நின்றோம். சாந்தினி கடிதத்தைக் காட்டி உள்ளே போனாள். திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். நான் வெளியே.

கடிதம் இல்லாமல் மொத்தம் எட்டுப் பேர். மத்தியானம் வரை வெயிலில் நின்றபோது ஒருவரையொருவர் விசாரித்தோம். பதுளைப் பக்கம் மூன்று பேர், நுவரெலியாப் பக்கம் நாலு பேர், மாத்தளைப் பக்கம் ஒருவன். எட்டுப் பேரும் லயத்துப் பிள்ளைகள். டவுன் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

"எங்க தப்பால்காரன் பெரிய கள்ளன்" என்றான் மாத்தளைப் பையன்.

"எங்களோடதும் அப்பிடித்தான்" என்றாள் ஒருத்தி.

ஏழு பேரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன். எட்டுத் தோட்டத்தில், ஒருவரையொருவர் கண்டிராத எட்டுத் தப்பால்காரர்கள், ஒரே மாதிரிக் கடிதத்தையா களவெடுத்தார்கள்?

மூன்று மணிக்கு ஓர் அதிகாரி வந்தார். 18ஆம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள் கடிதத்தோடு வந்தால் பார்ப்பார்களாம். கடிதத்தோடு.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் போஸ்ட்மாஸ்டர் என் காதுக்குள் பேசிக்கொண்டே வந்தார். பூட்டுப் போட்டுத்தான் குடுக்கிறது. சாவி ஒண்ணு இங்க, மத்தது ஒங்க ஆபீஸ்ல.

மார்ச் 17

எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

பத்து மணிக்கு ஆபீசுக்குப் போனேன். பை திறப்பதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். சின்னக் கிளாக்கருக்குச் சந்தோசம். "நல்ல நேரத்துல வந்தீங்க டீச்சர். சம்பள லிஸ்ட்டோட செத்துக்கிட்டிருக்கேன். நீங்களே பிரிச்சுத் தாங்களேன்." மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். பையை மேசையில் கவிழ்த்தார்.

"நம்பர் பாத்து அடுக்குங்க. பேரெல்லாம் பாக்கத் தேவையில்ல."

அடுக்கினேன். 41, 119, 305. ஒரு கடிதத்தில் நம்பர் இல்லை. பெயர் மட்டும் இருந்தது.

"இது?"

அவர் நிமிரவில்லை. "நம்பர் இல்லாததா? அந்த அலுமாரிக்கு மேல பிஸ்கட் டின் இருக்கு. அதுல போடுங்க."

முக்காலியில் ஏறி டின்னை இறக்கினேன். பாரமாக இருந்தது. மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. திறந்தேன்.

மேலேயிருந்து ஐந்தாவது என்னுடையது. கல்லூரி முத்திரை, பதிவுத் தபால் சீட்டு, எஸ். யோகமலர். யாரும் பிரித்திருக்கவில்லை. காசு இருக்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. ஐந்தரை வாரமாக அது என் தலைக்கு மேல் இருந்திருக்கிறது. நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் வாசித்திருக்கிறேன்.

"இது நான்" என்றேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். உண்மையாகவே திகைத்துப்போனார். "உங்க பேர் யோகமலரா டீச்சர்?"

ஒரு வருடம். என் பெயரை அவர் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. டீச்சர் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

"நம்பர் இல்லாட்டி நான் யார்ட்டன்னு குடுக்கிறது? எழுநூறு பேரு தோட்டத்துல. இந்தப் பேர்லயே நாலு பேர் இருப்பாங்க. எனக்கு முன்னால இருந்தவரும் இப்பிடித்தான் செஞ்சாரு. வந்து கேட்டா எடுத்துக் குடுக்கிறதுதான்."

"நான் வந்து கேட்டேனே."

"நீங்க 388ன்னு கேட்டீங்க."

நான் 388 என்று கேட்கவில்லை. அவர்தான் கேட்டார், நான் தலையாட்டினேன். டின்னைக் கவிழ்த்தேன். முப்பத்தொரு கடிதம். குவைத் முத்திரையோடு மூன்று. போன ஐப்பசியில் நடந்து முடிந்த கலியாணத்துக்கு ஒரு பத்திரிகை. செக்ரோலில் பெயர் இல்லாதவர்களின் கடிதங்கள். வேலைக்குப் பதியாத பிள்ளைகள், தோட்டத்தை விட்டுப்போனவர்கள், பென்சன்காரக் கிழடுகள். அடியில் ஒரு பழுப்பு உறை. பதிவுத் தபால், ஆட்பதிவுத் திணைக்களம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். உள்ளே அட்டை கனமாகத் தெரிந்தது. உறையில் மதியழகனின் பெயர் மட்டும், நம்பர் இல்லை. முத்திரை போன வருடம் ஜூலை.

தகப்பனே அதைக் கைநாட்டு வைத்து வாங்கி, பூட்டிய பையில் நாலு மைல் சுமந்து, இந்த மேசையில் இறக்கியிருக்கிறார்.

எல்லாவற்றையும் முந்தானையில் கட்டினேன்.

"டீச்சர், அத வெளியில கொண்டுபோக ஏலாது. அது ஆபீஸ் பொறுப்பு. எடுத்தா களவு. பொலிசுக்குச் சொல்ல வேண்டிவரும்."

"சொல்லுங்க சேர். மனு எழுத நேரமில்லாட்டி நான் எழுதித் தாரேன். எனக்கு நல்லா வரும்."

மத்தியானம் மூன்று மணி வரை தோட்டத்தின் மூன்று டிவிசனிலும் ஏறி இறங்கினேன். எந்தக் காம்பராவுக்கும் இலக்கம் இல்லை. ஒருவர்கூட வீடு தெரியாமல் போகவில்லை. பெயரைச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுகிறார்கள்.

தப்பால்காரர் வீட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். அது எங்கள் லயத்திலிருந்து நாலாவது லயம். முதலில் போயிருக்கலாம்.

அவர் முழங்காலில் நொச்சி இலை கட்டிப் படுத்திருந்தார். பெண்சாதி வாசலை மறித்து நின்றாள். நான் பழுப்பு உறையை நீட்டினேன்.

அவர் எழும்பி உட்கார்ந்து உறையைப் பார்த்தார். பதிவுத் தபால் சீட்டு அவருக்குத் தெரியும், எழுத்துத்தான் தெரியாது. வலது பெருவிரலை வேட்டியில் துடைத்தார். என் பக்கம் நீட்டினார்.

"எங்க வைக்கணும்?"

மார்ச் 18

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன்.

கொழும்புக்கும் கண்டிக்கும் முதல் பஸ் இரண்டும் ஐந்து மணி வாக்கில் சந்தியில் நிற்கும். நானும் தப்பால்காரரும் நாலரைக்கே வந்துவிட்டோம். அவருக்குக் கூடப்போக யாரும் இல்லை. இளந்தாரிகள் கொழும்புக்குப் போகப் பயப்படுகிறார்கள். தலைவருக்குக் கூட்டம். பெண்சாதிக்குக் காய்ச்சல்.

மதியை விடச் சொல்லிப் பொலிசுக்கு நேற்றே ஒரு மனு எழுதிவைத்திருந்தேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில். ஓர் இடம் மட்டும் நிரப்பாமல் இருந்தது.

"என்னையப் பத்தி எழுதுன மனு அந்தக் கொப்பிக்குள்ள இருக்கா?" என்றார். "வாசி, கேப்போம். அன்னைக்குப் பனியில ஒண்ணும் வெளங்கல."

சந்தி விளக்கின் கீழே நின்று வாசித்தேன். முழுவதையும். ஒரு பெண்ணின் எதிர்காலத்தை அழித்த இந்நபர் என்ற இடத்தையும்.

"212 நாந்தான்" என்றார். "களவெடுத்தவன் பேரு போடலியே."

"தெரியாது மாமா."

"எது?"

"உங்க பேரு. இதுலயும் தகப்பன் பேர் எழுத இடம் விட்டு வச்சிருக்கேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதே பீலித் தண்ணியக் குடிச்சு வளந்த புள்ள." காறித் துப்பினார். "வீரசங்கிலி. எழுதிக்க."

எழுதினேன். நம்பர் போடவில்லை.

"நீயும் வந்துட்டா நல்லது" என்றார். "அவங்க சிங்களத்துல கேட்டா நான் என்னத்தச் சொல்ல? காகிதத்த எந்த மேசையில குடுக்கணும்னுகூட எனக்குத் தெரியாது."

"எல்லாம் அதுல எழுதியிருக்கு மாமா. காட்டுனாப் போதும். நான் பன்னெண்டுக்குள்ள கண்டியில நிக்கணும்."

அவர் அட்டையையும் மனுவையும் வாங்கினார். வைக்க இடம் தேடினார். காக்கிக் கோட்டுக்கு உள்பை இருந்தது. இந்தச் சட்டைக்குப் பை இல்லை. இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார், பனியில் நனையாமல்.

கண்டி பஸ் முதலில் வந்தது. ஏறினேன். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. அவர் நின்ற பக்கமில்லை.